எட்டு வீட்டுக் குழாயும் ஒரு கையெழுத்தும்

அக்டோபர் 21, திங்கள்

என் பெயர் பொன்னுரங்கம். வயது அறுபத்தொன்பது. இதை எழுதுவது நானேதான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை.

மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்பில் ஏழு மாதமாகப் படிக்கிறேன். ரெஜினா டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் செய்த வேலையை எழுதுங்கள் என்றார். பெரிய விஷயம் எதுவும் வேண்டாம், செய்ததை எழுதினால் போதும் என்றார். நல்லதாகப் போயிற்று. என்னிடம் பெரிய விஷயம் இல்லை.

திருச்சி உறையூரில் எட்டு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் நான் வாட்ச்மேன். கேட், மோட்டார், அடைத்துக்கொண்ட குழாய் எல்லாம் என் பொறுப்பு. படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை. அதில் நானும் என் மனைவி தையல்நாயகியும் இருக்கிறோம்.

இன்றைய வேலை: ஆறாம் எண் வீட்டில் சிங்க் அடைப்பு. சிங்குக்குக் கீழே குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் வாளியை வைத்தேன். கையுறை போட்டு மரையைத் திருகினேன். கம்பியால் குத்தினால் அடைப்பு உள்ளே போகுமே தவிர வெளியே வராது. திறந்து எடுப்பதுதான் சரி. கிடைத்தவை: சோறு, புளிச்சக்கை, கறிவேப்பிலை, ஒரு தங்கக் கம்மலின் திருகாணி. திருகாணியைக் கழுவிக் கொடுத்தேன். அது காணாமல் போனதற்காகப் போன மாதம் ஒரு வேலைக்காரப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள்.

குழாயைத் திறந்து மூட இருபது நிமிடம். இதை எழுத ஒன்றரை மணி நேரம். கை வலிக்கிறது. மிகவும் சந்தோஷமாக இருக்கிறது.

அக்டோபர் 23, புதன்

தரைத்தளம் ஒன்றாம் எண் வீட்டு வைஜெயந்தி அம்மா கூப்பிட்டார். குளியலறையில் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. நான் போவதற்குள் அவரே ஆசிட்டை ஊற்றிவிட்டுப் பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு இது தொணை, பொன்னுரங்கம். ரெண்டும் சேந்தா எதுவும் நிக்காது."

பாக்கெட்டை வாங்கினேன். பின்பக்கம் எழுத்து இருந்தது. போன வருடம் வரை அது எனக்குப் புடவைக் கரை மாதிரி இருந்தது. நின்றபடியே படித்தேன்.

"என்னய்யா, பாக்கெட்டையே மொறைச்சுக்கிட்டு நிக்கிற?"

"படிக்கிறேம்மா. இன்னும் ஒரு வரி இருக்கு."

அமிலத்துடன் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும் என்று போட்டிருந்தது. அம்மாவை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறந்துவிட்டேன். குழாயைத் திருகி நிறையத் தண்ணீர் விட்டு ஆசிட்டைக் கழுவிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து, தண்ணீர் போகும் துளையை மூடியிருக்கும் ஜாலியைத் தூக்கிக் கொக்கிக் கம்பியை விட்டேன். முடிதான். ஒரு முழம் இருந்தது. ஆசிட்டும் வேண்டாம், பவுடரும் வேண்டாம்.

பதினொரு வருடமாக நானும் இரண்டையும் சேர்த்துத்தான் ஊற்றியிருக்கிறேன். நீல மூடி பாட்டில், சிவப்புப் பாக்கெட் என்பதுதான் எனக்கு அடையாளம். ஊற்றியதும் இருமல் வரும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று என் மனைவி தையல் கஷாயம் வைத்துத் தருவாள். மே மாதத்திலும் தந்திருக்கிறாள்.

அக்டோபர் 26, சனி

என் முதல் அறிவிப்பு. வெள்ளைத்தாளில் எழுதி மாடிப்படிக் கம்பியில் கட்டினேன். முழுவதும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்ற வேண்டாம். ஆறியதும் பழைய பாட்டிலில் ஊற்றி என்னிடம் கொடுக்கவும். வடித்த கஞ்சியையும் ஊற்ற வேண்டாம், மாட்டுக்கு ஆகும். எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் ஜாலியில் உள்ள முடியை எடுத்துக் குப்பையில் போடவும். இப்படிக்கு, பொன்னுரங்கம்."

எங்கள் கட்டடத்தின் செயலாளர் தணிகாசலம் சார் வந்து படித்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை படிப்பார்.

"யாருய்யா எழுதிக் குடுத்தது?"

"நாந்தான் சார்."

"நீயா?" மூன்றாம் தடவையும் படித்தார். "எழுத்து பரவால்ல. ஆனா எண்ணெயெல்லாம் ஊத்த மாட்டாங்கய்யா. படிச்சவங்க இருக்குற பில்டிங்."

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஊற்றினார்கள்.

நவம்பர் 1, வெள்ளி

இன்று நான்கு வீட்டில் அடைப்பு. மூன்று சிங்க், ஒரு குளியலறை.

சிங்குக்குச் செய்த முறை: நிற்கும் தண்ணீரை முதலில் மொண்டு வாளியில் ஊற்ற வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு நீரைக் கொஞ்சம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் இளகி மூட்டு விட்டுவிடும். பிறகு ரப்பர்க் கிண்ணம் வைத்த குச்சியால் மேலும் கீழும் பத்துத் தடவை அமுக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு துளை இருந்தால் ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியாகப் போய் நம் முகத்தில் வந்து நிற்கும். மூன்றாம் எண் வீட்டில் வந்து நின்றது. அதிரச எண்ணெய்.

குளியலறைக்காரர்கள் சீயக்காயை எவ்வளவு போட்டார்கள் என்று தெரியவில்லை. வந்தது களிமண் போல இருந்தது.

என்னிடம் கொடுக்கப்பட்ட எண்ணெய் பாட்டில்: ஒன்று. கொடுத்தவர் தையல்.

நவம்பர் 3, ஞாயிறு

விடாத மழை. வைஜெயந்தி அம்மாவின் கழிப்பறையில் யாரோ வாய் கொப்பளிப்பது போலச் சத்தம். மேலே யார் வீட்டில் தண்ணீர் ஊற்றினாலும் கீழே இங்கே எழும்பி வருகிறது.

ஒரு வீட்டில் மட்டும் அடைத்தால் அது அந்த வீட்டின் அடைப்பு. எல்லார் தண்ணீரும் கீழ்வீட்டில் எழும்பினால் அடைப்பு வீட்டில் இல்லை, வாசலில் இருக்கிற செப்டிக் டேங்கில் இருக்கிறது.

நவம்பர் 4, திங்கள்

கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு தொட்டியின் மூடியைத் திறந்து மூங்கில் பிளாச்சை விட்டேன். பதினெட்டு அடி தடையில்லாமல் போனது. அதற்கு மேல் போகவில்லை. டேங்குக்குள் குழாய் போய் விழும் வாயில் எண்ணெய் இறுகி உட்கார்ந்திருக்கிறது. கட்டின நாளிலிருந்து டேங்கை யாரும் காலி செய்ததும் இல்லை.

செயலாளர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கழிவுநீர் லாரிக்குப் போன் போட்டாராம். சந்தில் ரோடு தோண்டியிருப்பதால் வர முடியாதாம்.

"லாரி வந்தாலும் தண்ணியத்தான் உறியும். அடைப்ப எடுக்கணும்னா ஒரு ஆள எறக்கிட வேண்டியதுதான். அஞ்சு நிமிச வேல."

"ஆள எறக்க வேண்டாம் சார்."

"ஏன்?"

"நல்லதில்ல சார்."

"உனக்கென்னய்யா தெரியும்?"

எனக்கு என்ன தெரியும் என்று இங்கே எழுதலாம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று எழுத ஒன்றும் இல்லை. தையல் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எல்லாப் பக்கமும் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

நவம்பர் 6, புதன்

மழை இல்லை. காலையில் தகரப்பெட்டியைத் திறந்தேன். அதில் ரேஷன் கார்டோடு ஒரு காகிதம் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறது. தையலின் தம்பி காத்தமுத்து இறந்த அன்று ஒரு லாட்ஜ் முதலாளி கொடுத்தது. உடம்பை வாங்குவதற்கான காகிதம் என்று சொல்லி என் பெருவிரலை வைக்கச் சொன்னார். ஒரு நகல் கொடுத்தார். வகுப்பில் சேர்ந்து ஏழு மாதமாகியும் அதை எடுக்கவில்லை. வேலை இருந்தது.

இன்று படித்தேன். அதில் உள்ளது:

"எனது மைத்துனர் காத்தமுத்து, வயது 29, மது அருந்திய நிலையில், உரிமையாளர் தடுத்தும் கேளாமல், தன் சொந்த விருப்பத்தின் பேரில் செப்டிக் டேங்கில் இறங்கினார். மேலே கயிற்றைப் பிடித்திருந்த நானும் அவரை எச்சரித்தேன். அவர் இறப்புக்கு வேறு எவரும் பொறுப்பல்லர்."

மூன்று தடவை படித்தேன். நல்ல கையெழுத்து. அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. என் பெருவிரல் கீழே வலப்பக்கம் தெளிவாக இருக்கிறது.

காத்தமுத்து குடிக்க மாட்டான். டீ கூடப் பால் ஜாஸ்தியாகக் கேட்பான். நான் அன்று சொன்னது வேறு. அது இதில் இல்லை.

தையல் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல. தேதி, ஊரு, பேரு."

"குடிச்சிருந்தான்னு போட்டிருக்குமே."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"ஆசுபத்திரியில அன்னிக்கே ஒரு நர்சம்மா படிச்சுச் சொல்லிச்சு."

"இருவத்திரெண்டு வருசமா ஏண்டி சொல்லல?"

"சொல்லி? வச்ச கைநாட்ட அழிக்கவா முடியும்? வாசிக்கத் தெரியாத மனுசன், தெரியாமலே இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். இந்தாங்க, இந்தக் கிளையப் புடிங்க, கம்பளிப்பூச்சி இருக்கான்னு பாக்கணும்."

பிடித்தேன். பூச்சி இல்லை.

நவம்பர் 7, வியாழன்

டீச்சரிடம், ஒருவர் ஒரு காரியத்துக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பதானால் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். செயலாளர் டேங்கில் ஆள் இறக்கப் பார்ப்பதைச் சொன்னேன். சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"டேங்குக்குள்ள ஆள எறக்குறதே சட்டப்படி குத்தம் ஐயா. அதச் சொல்லுங்க அவருகிட்ட."

"சட்டமெல்லாம் அவருக்கு மனப்பாடம் டீச்சர். அவரு பயப்படுறது கையெழுத்துக்குத்தான்."

டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, "சொல்லுங்க, முதல் வரி என்ன?" என்றார். வகுப்பில் உள்ள பதினொரு பேரும் அதையே எழுதினோம். இன்றைய பாடம் அதுதான்.

நவம்பர் 8, வெள்ளி

செயலாளர் ஆள் பிடித்துவிட்டார். பெயர் சூசை. பெயிண்ட் அடிப்பவர். மழையில் பத்து நாளாக அந்த வேலை இல்லை. அதனால் இதற்கு வந்திருக்கிறார். முன்பு இரண்டு தடவை இறங்கியிருக்கிறாராம். டேங்கின் மூடியை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"குனியாத தம்பி. மூஞ்சிய நேரா நீட்டாத."

"பயப்படாதீங்க பெரியவரே. மெழுகுவத்திய ஏத்தி நூல்ல கட்டி உள்ள விடுவேன். எரிஞ்சா எறங்கலாம், அணைஞ்சா எறங்கக் கூடாது. அவ்ளோதான்."

"எரியும்."

"அப்பறம் என்ன?"

"எரியும் தம்பி. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வாயு பிடிச்சா டேங்கே சேந்து எரியும். இல்லன்னா வத்தி அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கும், ஆளு கீழ கெடப்பான்."

சூசை மூடியை இறக்கி வைத்தார். பிறகு சிரித்தார்.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு வாரேன். நீங்கதான் கயிறு புடிக்கணும். நல்லா விவரமா பேசுறீங்க. நீங்க மேல இருந்தா எனக்கு தைரியம்."

எனக்குக் கயிறு ஒத்துக்கொள்ளாது என்றேன். காத்தமுத்து இறங்கிய அன்றும் வத்தி எரிந்தது.

நவம்பர் 9, சனி

காலை ஐந்து மணிக்கே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு தாள் வீணானது. மூன்றாவது சரியாக வந்தது.

ஒன்பதுக்குச் சூசை வந்தார். சட்டையைக் கழற்றி என் நாற்காலியில் போட்டார். மேல்வீட்டுக்காரர்கள் எல்லாரும் பால்கனியில் நின்றார்கள். வைஜெயந்தி அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். தையல் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவு மட்டும் திறந்திருந்தது.

செயலாளர் டைப் செய்த ஒரு தாளை எடுத்துவந்து சூசையிடம் நீட்டினார். சூசைக்குக் கையெழுத்துப் போட வரும். படிக்க வராது.

"எங்க சார் போடணும்?"

"கீழ. புள்ளி வச்ச எடத்துல."

"நான் ஒரு தடவ படிச்சிர்றேன் சார்" என்றேன்.

"நீ எதுக்குய்யா? நேரமாவுது."

"கொஞ்சம் மெதுவாத்தான் படிப்பேன் சார். மன்னிச்சுக்குங்க."

தாளை வாங்கினேன். காரின் மேல் வைத்துப் படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வந்தது.

"சத்தமா படிய்யா, கேக்கல!" என்று மேலேயிருந்து யாரோ சொன்னார்கள். சத்தமாகப் படித்தேன்.

"சூசை ஆகிய நான், என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய தூண்டுதலும் இன்றி..."

சூசை பேனாவை மூடினார்.

"ஏன் சார், நீங்க கூப்புட்டுத்தான வந்தேன்? வீட்டுக்கு ரெண்டு தடவ ஆள் விட்டீங்களே."

"அது ஒரு பார்மாலிட்டிப்பா. எல்லா எடத்துலயும் எழுதுறதுதான்."

"இன்னும் நாலு வரி இருக்கு" என்று சொல்லி அதையும் படித்தேன். இறப்பு நேரிட்டால் குடியிருப்போர் எவரும் பொறுப்பல்லர் என்று முடிந்தது. படித்து முடிக்க ஏழு நிமிடம் ஆனது. யாரும் உள்ளே போகவில்லை.

பிறகு நான் எழுதிய தாளைச் செயலாளரிடம் கொடுத்தேன்.

"இதுல நீங்க போடுங்க சார். ரெண்டும் இருக்கட்டும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அதில் நான் எழுதியிருந்தது: "சூசை என்பவரைச் செப்டிக் டேங்கில் இறங்கச் சொல்லி நான் அழைத்தேன். உள்ளே இருக்கும் காற்று நல்ல காற்று என்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு எது நடந்தாலும் நானே பொறுப்பு. இப்படிக்கு, தணிகாசலம்."

இரண்டாவது தடவை படித்தார்.

"என்னய்யா இது? யாருகிட்டய்யா கையெழுத்துக் கேக்குற? கேட்டத் தொறந்து மூடுற ஆளு நீ."

"ஆமா சார்."

"போட்டு விடுங்களேன் சார்" என்றார் வைஜெயந்தி அம்மா. "ஆறு நாளா எனக்கு பாத்ரூம் இல்ல. ஒரு கையெழுத்துதான?"

"நான் எப்புடிம்மா போட முடியும்?" என்று அவர் பக்கம் திரும்பிச் செயலாளர் கத்தினார். "உள்ள என்ன காத்து இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

மேல்மாடியில் ஒருவர் குக்கர் விசில் அடித்ததும் உள்ளே போனார். மற்றவர்கள் செயலாளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் தாளை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார். கிழிக்கவில்லை.

சூசை என் நாற்காலியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார்.

செயலாளர் அங்கேயே நின்று போன் போட்டார். அன்று வர முடியாத லாரி, நீளமான குழாய் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வரும் என்றது.

அறைக்குள் போனேன். தையல் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "எறங்கலியே?" என்றாள். இல்லை என்றேன். அடுப்பைப் பற்றவைத்தாள்.

நவம்பர் 10, ஞாயிறு

நாளை வரை யாரும் குழாயில் எதையும் ஊற்றக் கூடாது. வாய்ச்சொல்லாகவே சொன்னேன், எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் எடுத்துவந்து செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணெய் பாட்டில்கள் இன்று வந்தன. மொத்தம் பதினான்கு.

காலையில் கட்டணக் கழிப்பறை வரிசையில் செயலாளர் எனக்கு முன்னால் நின்றார். வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். வரிசை மெதுவாக நகர்ந்தது.

நவம்பர் 11, திங்கள்

பத்து மணிக்கு லாரி சந்து முனையில் நின்றது. குழாயை இழுக்க ஆள் போதவில்லை என்று லாரிக்காரர்கள் சூசையையும் சேர்த்துக்கொண்டார்கள். மூடியைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் எல்லாரும் தள்ளியே நின்றோம். யாரையும் பீடி பற்றவைக்க விடவில்லை. டேங்க் காலியானதும் லாரியின் பீச்சுக் குழாயை இரும்புக் கம்பியில் கட்டி மேலேயிருந்தே அடைப்பின் மேல் அடித்தார்கள். எண்ணெய்க் கட்டி உடைந்து விழுந்தது. பலாப்பழ அளவு இருக்கும். அதையும் குழாயே உறிஞ்சிக்கொண்டது. வைஜெயந்தி அம்மா உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். "போயிருச்சு!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

மூடியைச் சிமெண்ட் வைத்துப் பூசும்போது மணி ஒன்று இருபது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை டேங்கைக் காலி செய்ய வேண்டும் என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதிச் செயலாளர் கையெழுத்துப் போட்டார். இதற்கு உடனே போட்டுவிட்டார்.

தையல் சூசையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கை கால் கழுவச் சோப்பு கொடுத்தாள். போதாது என்று மறுபடியும் கழுவச் சொன்னாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை.

"என்ன வயசு தம்பி?"

"நாப்பத்தொண்ணும்மா."

அவள் ஒரு கரண்டி போட்டாள். அவர் சாப்பிட்டார். கேட்காமல் இன்னொரு கரண்டி போட்டாள். மூன்றாவது தடவை அவர் இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்தார்.

"போதும்மா. எந்திரிக்க முடியாது."

"இப்ப யாரு எந்திரிக்கச் சொன்னா?" என்று கையைத் தட்டிவிட்டுப் போட்டாள். குண்டானைக் கவிழ்த்து அடியில் இருந்ததையும் வழித்துப் போட்டாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவர் மென்று விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சோறு இல்லை. ரவை இருந்தது. நானே உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.